ஊர் வரலாறு, குடும்ப நினைவு, கவிதை: முதல் புத்தகம் போடுகிறவர்களுக்கு

ஊரைப் பற்றி எழுதிய கைப்பிரதியோ, தாத்தா பர்மாவிலிருந்து கிளம்பி வந்த கதையோ, டைரிகளில் கிடக்கும் கவிதையோ பல வீடுகளில் இருக்கிறது. "இதைப் புத்தகமாக்க வேண்டும்" என்று ஒருநாள் தோன்றுகிறது. அடுத்த நாளே அச்சகத்தில் விலை கேட்கப் போகிறார்கள். அச்சகம் கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வகைப் புத்தகங்களும் கடையில் அடுக்கி வைத்தால் தானாக விற்கிற சரக்கு அல்ல. ஆள் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவை. எத்தனை பிரதி, என்ன அளவு, எங்கே வெளியீடு, பின்னால் என்ன சேர்ப்பது என்ற முடிவெல்லாம் இதை ஒப்புக்கொண்டால் எளிதாகிவிடும்.

வாங்குகிறவர்களின் பெயரை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதுங்கள். "தமிழ் வாசகர்கள்", "ஊர்க்காரர்கள்" என்று மொத்தமாக எழுதக்கூடாது. பெயரும் போன் நம்பரும் வேண்டும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இலவசமாகத்தான் எதிர்பார்ப்பார்கள், அதனால் அவர்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஊர் நூல் என்றால் சென்னை, திருப்பூர், மும்பை, வளைகுடா, சிங்கப்பூர் என்று போனவர்கள்தான் முக்கியமான வாசகர்கள். ஊரிலேயே இருப்பவருக்கு ஊர் தெரியும், போனவருக்குத்தான் புத்தகம் வேண்டும். பட்டியல் நூற்றைம்பதில் நின்றால் இருநூறு பிரதி போதும். ஆயிரம் அடித்தால் பிரதிக்கு விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். கணக்கு சரிதான், ஆனால் மீதி எண்ணூறு உங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கும்.

தகவல் எங்கே இருக்கிறது

பெரியவர்களைச் சந்திக்கிற வேலையை முதலில் முடியுங்கள். ஆவணங்கள் காத்திருக்கும், தொண்ணூறு வயதுக்காரர் காத்திருக்க மாட்டார். போனில் ரெக்கார்டரைப் போடும்போது அவரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். ஆரம்பத்திலேயே தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் நீங்களே உரக்கச் சொல்லிவிட வேண்டும். பின்னால் ஐம்பது ஒலிக்கோப்புகளுக்கு நடுவே தேடும்போது அதன் அருமை தெரியும்.

"அது எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஏதாவது ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுவார்கள். அதைவிட, "காந்தி செத்ததுக்கு முன்னாலயா பின்னாலயா?", "ஊருக்குக் கரண்டு வந்திருச்சா அப்ப?", "தனுஷ்கோடி புயலப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேளுங்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது. டெல்டா ஊர்களில் 1952 நவம்பர் புயலைச் சொல்வார்கள், தாமிரபரணிக் கரையில் 1992 நவம்பர் வெள்ளத்தை. இப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் அடையாளச் சம்பவம் இருக்கும். சம்பவத்தை வைத்துக் கேட்டால் ஞாபகம் சரியாக வரும்.

முடிந்தால் இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்கார வைத்துப் பேச விடுங்கள். "அது உங்க அப்பன் இல்லடா, சித்தப்பன்" என்று ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். அந்தத் திருத்தம் நீங்கள் கேள்வி கேட்டு வாங்க முடியாதது.

பெண்களைத் தனியாகப் பாருங்கள். வம்சாவளி என்று வீட்டு ஆண்கள் எழுதித் தருகிற தாளில் பெண் வாரிசுகளும் இருக்கமாட்டார்கள், வந்த மருமகள்களின் பிறந்த ஊரும் இருக்காது. யார் எங்கே வாழ்க்கைப்பட்டார்கள், எந்தக் குழந்தை பிறந்து தவறியது, எந்த நகை எப்போது அடகுக்குப் போனது என்பதெல்லாம் ஆத்தாமார்களிடம்தான் இருக்கிறது.

இனி தாள்கள். பத்திரம், பட்டாவை எல்லாரும் பார்ப்பார்கள், மொய் நோட்டைப் பார்க்கிறவர்கள் குறைவு. மொய் எழுதும் வழக்கமுள்ள ஊர்களில் அதைப்போல ஒரு குடும்ப ஆவணம் கிடையாது. பெயர், ஊர், சில சமயம் உறவுமுறை, தொகை எல்லாம் ஒரே வரியில் இருக்கும். உங்கள் தாத்தாவுக்கு எந்தெந்த ஊரில் தொடர்பு இருந்தது, யாரோடு எந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பேச்சு நின்றது என்பது இரண்டு நோட்டை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், கோயில் வரி நோட்டு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய பத்திரத்தின் நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகம் என்று வரிசையாகப் போங்கள். யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு இன்னொரு வளம் உண்டு. இறந்தவர் நினைவாக, அந்தியேட்டி என்கிற ஈமச்சடங்கு நாளில் வெளியிடும் 'கல்வெட்டு' என்கிற சிறுநூலில் குடும்ப வரலாறு, ஊர்ச் சிறப்பு எல்லாம் இருக்கும். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்கிற நிறுவனத்தின் தளத்தில் ஏராளமான நினைவு மலர்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஊர் வரலாற்றுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம் மூன்றையும் ஒரு தடவையாவது பாருங்கள். போவதற்கு முன்னால் பழைய மாவட்டக் கையேடுகளையும் கெசட்டியர்களையும் இணையத்தில் படித்துவிட்டுப் போனால் நேரம் மிச்சம். மதுரைக்கு நெல்சன் 1868இல் எழுதியதும் பிரான்சிஸ் 1906இல் தொகுத்ததும், திருநெல்வேலிக்குப் பேட் 1917இல் தொகுத்ததும் இணையத்தில் கிடைக்கின்றன. வெள்ளைக்கார அதிகாரி எழுதியதால் சாதி பற்றிய பகுதிகளைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். குளம், சாலை, பஞ்சம், வரி பற்றிய விவரங்கள் உபயோகமானவை.

கோயில் கல்வெட்டு இருந்தால், நீங்களே வாசித்துப் பொருள் சொல்ல முயலாதீர்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்டத் தொகுதிகளிலோ அது ஏற்கெனவே பதிப்பாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் துறைக்குத் தெரிவியுங்கள். எழுத்துத் தெரிவதற்காகக் கல்லில் சுண்ணாம்போ பெயின்டோ தடவக் கூடாது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தாலே எழுத்து எடுப்பாகத் தெரியும். தல புராணம் வேறு, வரலாறு வேறு. இரண்டையும் தாராளமாகப் போடலாம், ஆனால் தனித்தனித் தலைப்பில்.

வருஷக் கணக்கு

இந்த மாதிரி நூல்களில் அதிகம் சொதப்புவது தேதிதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய தாள்களில் தமிழ் வருஷம்தான் இருக்கும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள், திரும்பத் திரும்ப வரும். பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் சித்திரையில் தொடங்கியது. இதை வைத்து மற்றதை எண்ணிக்கொள்ளலாம். தாது வருஷப் பஞ்சம் என்று கும்மிப் பாட்டிலும் பேச்சிலும் வருவது 1876இல் தொடங்கியது.

தவறு எங்கே நடக்கிறது என்றால், தை, மாசி, பங்குனியில். "விகாரி வருஷம் தை மாதம்" என்று ஒரு ஓலையிலோ நோட்டிலோ இருந்தால், விகாரி என்றால் 1959 என்று பார்த்து 1959 என்றே எழுதிவிடுவார்கள். விகாரி 1959 ஏப்ரலில் தொடங்குகிறது, அதன் தை வருவது 1960 ஜனவரியில். அதே விகாரி அறுபது வருஷம் முந்தியதாகவும் இருக்கலாம், அப்படியானால் 1900 ஜனவரி. எது என்று தீர்மானிக்கக் கிழமை உதவும். தேதியும் கிழமையும் சேர்த்து எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் ஒன்றுதான் பொருந்தும்.

வருவாய்த்துறைத் தாள்களில் பசலி என்கிற வரி ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம், ஜூலையில் தொடக்கம். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பிறகு 825 கூட்டுங்கள்.

தேதியே இல்லாத தாள்களுக்கும் வழி உண்டு. மொய் நோட்டில் ரூபாய், அணா, பைசா என்று மூன்று கட்டம் இருந்தால் பெரும்பாலும் புதுப்பைசா வந்த 1957க்கு முந்தியது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. கல்யாணப் பத்திரிகையில் "காமராஜர் மாவட்டம்" என்று அச்சடித்திருந்தால் விருதுநகர் அந்தப் பெயரில் தனி மாவட்டமான 1985க்கும் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்த 1997க்கும் இடைப்பட்டது. "சென்னை மாநிலம்" என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். லை, னை, ணை பழைய தும்பிக்கை வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், சின்ன ஊர் அச்சகங்களில் பழைய ஈய எழுத்துகள் அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடின.

தீர்மானிக்க முடியாத தேதியை "1940களின் பிற்பகுதி" என்றே போடுங்கள். வாசகர் ஒப்புக்கொள்வார். தப்பான துல்லியத்தைத்தான் பிடித்துக்கொள்வார்.

எதை எழுதுவது, யாரைக் கேட்பது

ஊர் வரலாறு என்று பெயர் வைத்துவிட்டு ஒரே தெருவின் வரலாற்றை எழுதுகிற பழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. அட்டையில் ஊர்ப் பெயர், உள்ளே கோயில், நாட்டாமை, பரிவட்டம். காலனியில் இருப்பவர்கள், குளம் வெட்டியவர்கள், துணி வெளுத்தவர்கள், மயானத்தில் நின்றவர்கள் யாரும் இல்லை. அப்படி எழுதுவதானால் அட்டையிலேயே தெருப் பெயரைப் போட்டுவிடலாம். எல்லாத் தெருவுக்கும் போய்ப் பேசி, அவரவர் சொன்னதை அவரவர் பெயரில் போட்டால்தான் அது ஊர் நூல்.

குடும்ப நூலில் சிக்கல் வேறு மாதிரி. பாகப்பிரிவினை, ஓடிப்போன கல்யாணம், தற்கொலை, கடன், இரண்டாம் தாரம் எல்லாம் வரும். உயிரோடிருப்பவரைப் பற்றிய விஷயம் என்றால் அச்சுக்குப் போகும் முன் அந்தப் பகுதியை மட்டும் அவரிடம் காட்டிவிடுங்கள். பங்காளிகளில் இரண்டு கிளையிலிருந்து ஒவ்வொருவர் முழுதாகப் படிக்கட்டும். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதை இருந்தால் இரண்டையும் போடுங்கள். அவதூறு வழக்கு என்பது பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் உள்ளது அல்ல. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு ஊர் நூலுக்கும் பொருந்தும். இறந்தவரைப் பற்றி எழுதியதும் அவர் குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமுள்ளதானால் அவதூறாகலாம்.

உரிமை விஷயமும் இருக்கிறது. இந்தியாவில் எழுத்துக்குப் பதிப்புரிமை, எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு. உங்கள் பெட்டியில் இருக்கும் கடிதம், தாளாக உங்களுடையது. ஆனால் அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். கேட்டு வாங்கி, எழுத்தில் ஒரு வரி வாங்கி வையுங்கள். சினிமாப் பாட்டு வரிகளை அத்தியாயத் தலைப்பில் போடுகிற ஆசையை விட்டுவிடுவது நல்லது. அனுமதி கேட்டு அலைவதற்குள் புத்தகமே வந்துவிடும். பாரதியாரைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். அவர் எழுத்துகள் 1949லேயே நாட்டுடைமையானவை.

கவிதைக்காரர்களுக்கு வேலை குறைவு, ஆனால் கசப்பானது. இருப்பதில் பாதியை எடுத்துவிட வேண்டும். இதை நீங்கள் செய்ய முடியாது, உங்களைப் பிடித்த நண்பரும் செய்ய மாட்டார். கவிதை வாசிக்கிற, உங்களுக்குப் பெரிதாகப் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்து "இதில் முப்பதை எடுங்கள்" என்று கேளுங்கள். அவர் ஏன் எடுத்தார் என்று கேட்கவே வேண்டாம். அதற்கும் முன்னால் சிற்றிதழ்களுக்கு அனுப்பிப் பாருங்கள். தமிழில் புதுக்கவிதை அப்படித்தான் புத்தகத்துக்கு வந்தது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் வந்த கவிதைகளிலிருந்துதான் 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். இதழில் ஒரு கவிதை வந்து இரண்டு பேர் பேசினாலே, தொகுப்புக்கு முதல் வாசகர்கள் கிடைத்துவிடுவார்கள். அப்புறம், அணிந்துரை ஒன்று போதும். நாலு பேரிடம் வாங்கினால் கவிதையைவிட அணிந்துரை நீளமாகிவிடும்.

கணினியில் ஏற்றும்போது

புதிதாகத் தட்டச்சு செய்வதென்றால், எந்தக் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடில் மட்டும் செய்யுங்கள். சில டிடிபி சென்டர்களில் இன்னும் பேஜ்மேக்கரில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று பழைய எழுத்துருக்களில்தான் அடிப்பார்கள். அச்சுக்கு அது போதும். ஆனால் பத்து வருஷம் கழித்து இரண்டாம் பதிப்புக்கோ மின்னூலுக்கோ எடுத்தால் குப்பையாகத் தெரியும்.

ஏற்கெனவே பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு சில இடங்களைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். ஔவை என்பது ஒ, ள, வை என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். கௌரி 'கெள'ரி ஆகியிருக்கும். பார்த்தால் தெரியாது, தேடினால்தான் சிக்கும். காலுக்கு (ா) பதில் ர வந்து 'நான்' 'நரன்' ஆகியிருக்கும். பழைய அச்சை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போதும் இதே ர-கால் குழப்பம் வரும். தமிழ் எண்கள் இருந்தால் க-வும் ௧-உம், உ-வும் ௨-உம் மாறிப்போகும்.

பழைய போட்டோக்களை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், அப்படியே நல்ல வெளிச்சத்தில் கேமராவில் எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது அச்சுக்கு ஆகாது, சுருங்கிவிடும். டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதி, தெரியாதவரைத் "தெரியவில்லை" என்றே போடுங்கள். புத்தகம் வந்ததும் யாராவது போன் செய்து சொல்வார்கள்.

மெய்ப்பும் பெயரடைவும்

மெய்ப்பை, அதாவது பிழை பார்க்க எடுத்த அச்சுப் பிரதியை, எழுதியவரே பார்த்தால் பிழை கண்ணில் படாது. வேறு ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், வேண்டுமானால் அட்டையில் பிடியுங்கள். ஒற்றுப் பிழையைவிட இந்த நூல்களில் பெரிய பிரச்சினை பெயர்தான். சுப்பையா, சுப்பய்யா, சுப்பையாபிள்ளை மூன்றும் ஒருவரா மூவரா? முதலிலேயே ஒரு பெயர்ச் சீட்டு தயார் செய்து, ஒவ்வொருவருக்கும் ஒரே எழுத்துக்கூட்டு, தகப்பனார் பெயர், பட்டப்பெயர் எழுதி மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே பெயரில் நாலு முத்துச்சாமி உள்ள ஊரில் பட்டப்பெயர் இல்லாமல் வரலாறு எழுத முடியாது.

கடைசியில் பெயரடைவு சேருங்கள். பக்கங்கள் எல்லாம் இறுதியான பிறகு, பெயருக்கு எதிரே பக்க எண். ஓர் ஆள் உட்கார்ந்தால் சில நாளில் முடியும். தமிழ்ப் புத்தகங்களில் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை. ஊர் நூலைக் கையில் எடுக்கிற யாரும் முதலில் தேடுவது தன் தாத்தா பெயரைத்தான். பெயரடைவில் அது இருந்தால் அங்கேயே விற்பனை முடிந்தது.

அச்சகத்துக்கு

டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவில், ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கிற ஒரு பாரம் என்பது 16 பக்கம். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து பாரம். 163 வந்தால் மூன்று பக்கத்துக்காகக் கூடுதல் காசு, பின்னால் வெற்றுத் தாள். அதனால் பக்கத்தை 16இன் மடங்குக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துங்கள். கவிதைத் தொகுப்புக்கு 64, 80, 96 பக்கங்கள் அழகாக வரும். கவிதைக்கு ஒரு பக்கம் என்று விடுங்கள். வரி மடங்கி விழுகிறதா என்று டெம்மி அகலத்தில் அச்செடுத்துப் பாருங்கள், ஏ4 தாளில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

இருநூறு முந்நூறு பிரதி வரை டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். ஐநூறுக்கு மேல் ஆப்செட் கேளுங்கள். விலைப்புள்ளியை வாயால் வாங்காதீர்கள். அளவு, பக்கம், தாள் 70 ஜி.எஸ்.எம். (தாளின் கனம்) மேப்லித்தோவா நேச்சுரல் ஷேடா, படப் பக்கங்கள் அதே தாளிலா ஆர்ட் பேப்பரிலா, ரேப்பர் (மேலட்டை) 300 ஜி.எஸ்.எம். போர்டா, லேமினேஷன் மேட்டா கிளாஸா, பைண்டிங் நூல் தையலா வெறும் பசையா, வரி சேர்ந்ததா, எந்தத் தேதியில் டெலிவரி என்று எல்லாம் எழுத்தில் வரட்டும். இரண்டு அச்சகத்தில் கேட்டால் ஒன்று குறைவாக இருக்கும். ஏன் குறைவு என்று பார்த்தால் தையல் இருக்காது. குடும்ப நூல் முப்பது வருஷம் கைமாறும், அதற்குத் தையல் வேண்டும். கவிதைத் தொகுப்புக்குப் பசை போதும்.

ரேப்பர் செய்பவருக்கு முதுகின் அகலம் தேவைப்படும். அதை அச்சகத்தில் அந்தத் தாளிலேயே டம்மி மடித்து அளந்து வாங்குங்கள். ஊகித்துப் போட்டால் புத்தகப் பெயர் முதுகிலிருந்து முன்னட்டைக்கு நழுவிவிடும். மொத்தமும் ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு பிரதியை டிஜிட்டலில் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பி.டி.எஃப்., லேஅவுட் கோப்பு, அதில் பயன்படுத்திய எழுத்துருக்கள் மூன்றையும் டிடிபி செய்தவரிடம் வாங்கிவிடுங்கள். "நாங்களே பதிப்பிக்கிறோம், நீங்கள் பணம் கட்டுங்கள்" என்று வருகிறவர்களிடம் இதை இன்னும் கறாராகக் கேட்க வேண்டும். உரிமை யாருக்கு, எத்தனை பிரதி உங்கள் கைக்கு, மீதிப் பிரதி யார் கிடங்கில், எத்தனை வருஷ ஒப்பந்தம் என்பதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

பதிப்புப் பக்கம்

தமிழ்ப் புத்தகங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நூலின் பெயர், ஆசிரியர், மொழி, பதிப்பு ஆண்டு, உரிமை, தாள், அளவு, எழுத்தின் அளவு, பக்கம், விலை, அட்டை வடிவமைத்தவர், அச்சிட்டோர், கட்டுமானம், வெளியீட்டாளர் முகவரி என்று ஒரு பக்கத்தில் வரிசையாக வரும். இதை விடாமல் போடுங்கள். அஞ்சலுக்குக்கூட இது தேவைப்படும்.

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.ஐ ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாக இலவசமாகத் தருகிறது. ஆசிரியரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பணம் கேட்பவர்கள் தங்கள் அலைச்சலுக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் வரக் கொஞ்சம் நாளாகும், எனவே மெய்ப்பு ஓடும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். உறவினருக்கு மட்டும் நூறு பிரதி என்றால் எண்ணே வேண்டாம். கடையிலோ இணையத்திலோ நூலகத்திலோ வைப்பதானால் வேண்டும்.

விலையும் விற்பனையும்

ஒரு பேச்சுக்கு, முந்நூறு பிரதிக்கு எல்லாச் செலவும் சேர்த்து 45,000 ரூபாய் என்று வைப்போம். பிரதிக்கு 150. அறுபது பிரதி நூலகம், உதவியவர்கள், சொந்தக்காரர்கள் என்று இலவசமாகப் போகும். மீதி 240 தான் செலவைச் சுமக்கும், அப்போது அடக்கம் ஏறத்தாழ 188. கடையில் 35 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள். 250 என்று விலை வைத்து 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு 150 வரும், நஷ்டம். நேரில் விற்றால் 250 அப்படியே வரும். பெயர்ப் பட்டியலை முதலில் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

முன்வெளியீட்டுத் திட்டம் போடுங்கள். அச்சுக்குப் போகும் ஒரு மாதம் முன்னால் பட்டியலில் உள்ளவர்களுக்கு, விலையில் கொஞ்சம் குறைத்து, முன்பணம் கட்டச் சொல்லலாம். வந்த பணத்துக்குத் தனி நோட்டு வையுங்கள். எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்து அச்சு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

வெளியீட்டை சென்னை அரங்கில் வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊர் நூலை ஊர்க் கொடையிலோ பொங்கலிலோ, வெளியே போனவர்கள் எல்லாம் வந்திருக்கும் நாளில் வெளியிடுங்கள். மைக்செட் ஏற்கெனவே இருக்கும். குடும்ப நூலுக்கு மணிவிழா, சதாபிஷேகம் மாதிரி ஒரு நாள் பொருத்தம். கவிதைக்கு மட்டும் புத்தகக் காட்சி. அங்கும் சொந்தமாக அரங்கு எடுக்காதீர்கள், தெரிந்த பதிப்பாளர் அரங்கில் இருபது பிரதி கொடுத்து வையுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி, ஈரோடு புத்தகத் திருவிழா தவிர இப்போது மாவட்டம்தோறும் நடக்கிறது. உங்கள் மாவட்டத்தில் நடப்பதுதான் ஊர் நூலுக்கு நல்ல இடம்.

அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வந்தால் சந்தோஷம். விண்ணப்பியுங்கள். அதை நம்பி ஆயிரம் பிரதி அடிக்க வேண்டாம்.

அனுப்புவதற்கு, புத்தகங்களுக்காக அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய கியான் போஸ்ட் சேவை மலிவு. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய் என்று தொடங்கினார்கள். கட்டணத்தை அஞ்சலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. செலவைச் சமாளிக்க அரிசி மில், ஜவுளிக்கடை விளம்பரங்களைப் பின்னால் சேர்க்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்கட்டும்.

நூலகங்களுக்குப் போக வேண்டிய பிரதிகள்

புத்தகப் பிரதிகளை நூலகங்களுக்குக் கொடுப்பது பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் சொந்தச் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்கள் என்று மொத்தம் நான்கு. பெரும்பாலான சின்னப் பதிப்பாளர்கள் இதைச் செய்வதில்லை. இந்த வகை நூலுக்குத்தான் இது அவசியம், ஏனென்றால் வேறு எங்கும் பிரதி இருக்காது. கூடவே மாவட்ட மைய நூலகம், ஊர்க் கிளை நூலகம், ஊர்ப் பள்ளி, ரோஜா முத்தையா நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்று. கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும் அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். இலங்கைத் தொடர்புள்ள நூல் என்றால் நூலகம் நிறுவனத்துக்குப் பி.டி.எஃப்.ஐக் கொடுக்கலாம்.

புத்தகம் கைக்குப் போன வாரத்திலேயே திருத்தங்கள் வரத் தொடங்கும். "எங்க அய்யா அந்த வருஷம் சாகல", "அந்தப் போட்டோவில் மூணாவது ஆள் எங்க பெரியம்மா." சண்டை போடாமல் எழுதிக்கொள்ளுங்கள், சொன்னவர் பெயரும் தேதியும் சேர்த்து. ஒரு மாதம் கழித்து முக்கியமானவற்றை மட்டும் ஒரு பக்கப் பிழைதிருத்தமாக அச்சடித்து, மீதிப் பிரதிகளில் செருகி, நூலகங்களுக்கும் ஒவ்வொரு தாள் அனுப்பிவிடுங்கள். எல்லாத் திருத்தமும் உள்ள நோட்டு, ஒலிக்கோப்புகள், ஸ்கேன் செய்த படங்கள், லேஅவுட் கோப்பு எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.